மஞ்சள் லென்சும் ஒரு மாணவியின் கேள்வியும்

பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடந்துகொண்டிருந்த வாரம் அது. "உங்கள் வீட்டில் குவிலென்சு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், பெரியவர்களிடம் கேட்டு, முடிந்தால் ஒன்றைக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். மறுநாள் மேசை நிறைந்துவிட்டது. பாட்டியின் படிக்கும் கண்ணாடி, கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் மாட்டும் லென்சு, திருவிழாக் கடையில் வாங்கிய பைனாகுலர் என்று பலவும் வந்தன. ஒரு மாணவி மட்டும் துண்டில் சுற்றி ஒரு பழைய கேமரா லென்சைக் கொண்டுவந்திருந்தாள். அவளுடைய தாத்தா எங்கள் ஊரில் நெடுங்காலம் ஸ்டுடியோ நடத்தியவர். லென்சின் முன் வளையத்தில் சூப்பர்-டக்குமார் 1:1.4/50 என்றும் அசாஹி ஆப்டிக்கல் கம்பெனி, ஜப்பான் என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

அதை வெள்ளைத் தாளின் மீது வைத்தேன். லென்சின் வழியே பார்த்தபோது தாள் வெளிர் தேநீர் நிறத்தில் தெரிந்தது. "பழைய கேமரா வாங்குறவர் வந்து பார்த்தார் சார். பங்கஸ் பிடிச்சிருக்கு, இருநூறு ரூபாய்க்கு மேல போகாதுன்னு சொல்லிட்டார். தாத்தாவுக்கு மனசே சரியில்ல" என்றாள். நானும் யோசிக்காமல், "பழசு இல்லையா, உள்ளே அழுக்குப் படிந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, லென்சை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். ஒவ்வொருவரும் அதை உருப்பெருக்கியாகக் கண்ணருகே வைத்துப் பாடப்புத்தக எழுத்துகளைப் பார்த்தார்கள்.

லென்சு திரும்பி வந்தபோது அந்த மாணவி எழுந்து கேட்டாள்: "சார், அழுக்குன்னா ஓரத்துல அதிகமா, நடுவுல குறைவாத்தானே இருக்கணும்? இது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மஞ்சளா இருக்கே?"

என்னிடம் விடை இல்லை. விடை தெரியாத கேள்விகளைக் கரும்பலகையின் வலது மூலையில் எழுதிவைப்பது என் வழக்கம். இதையும் எழுதினேன். அன்றிரவு விடையைத் தேடிப் படித்தபோது முதலில் வியப்பாகவும் பிறகு பதற்றமாகவும் இருந்தது. அந்த மஞ்சளுக்குக் காரணம் கண்ணாடியில் கலந்திருந்த தோரியம். அது ஒரு கதிரியக்கத் தனிமம். அதைத்தான் என் மாணவர்கள் அனைவரும் கண்ணருகே வைத்துப் பார்த்திருந்தார்கள்.

இந்த நிகழ்விலிருந்து நான் கற்றதையும் வகுப்பறையில் அதைப் பாடமாக்கிய விதத்தையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நான்கு காரணங்கள், நான்கு சோதனைகள்

பழைய லென்சு மஞ்சளாகத் தெரிய ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அடுத்த நாள் வகுப்பில் இவற்றைக் கரும்பலகையில் எழுதி, எது பொருந்துகிறது என்று மாணவர்களையே ஆராயச் சொன்னேன்.

முதலாவது, பூஞ்சை. ஸ்டுடியோக்காரர்கள் பங்கஸ் என்று சொல்வது இதைத்தான். டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் சிலந்தி வலை போலவோ வேர் போலவோ கிளை விட்ட இழைகள் தெரியும். அது ஓரிடத்தில் தொடங்கிப் பரவும். கண்ணாடி முழுவதும் சீராக இருக்காது. தூசியும் எண்ணெய்ப் படலமும் அப்படித்தான். அவற்றால் பார்வை மங்கும்; பளிச்சென்ற மஞ்சள் நிறம் வராது.

இரண்டாவது, மேற்பூச்சு. ஒளி எதிரொளிப்பைக் குறைக்க லென்சின் மேற்பரப்பில் மிக மெல்லிய படலம் பூசுவார்கள். அதனால் லென்சைச் சாய்த்துப் பார்த்தால் தேன் நிறமும் ஊதா நிறமும் மின்னும். ஆனால் அது எதிரொளிக்கும் ஒளியின் நிறம். லென்சை வெள்ளைத் தாளில் வைத்து ஊடுருவி வரும் ஒளியைப் பார்த்தால் அந்த நிறம் பெரும்பாலும் தெரியாது. எதிரொளிப்பில் நிறம், ஊடுருவலில் வெண்மை என்றால் குற்றவாளி மேற்பூச்சு மட்டுமே.

மூன்றாவது, ஒட்டுப் பசை. இரண்டு வில்லைகளை ஒன்றோடொன்று ஒட்ட முன்பு கனடா பால்சம் என்ற மரப்பிசினைப் பயன்படுத்தினார்கள். வயதாக ஆக அது மஞ்சளாகும். பெரும்பாலும் ஓரத்தில் பசை விடுபட்டுத் திட்டுத்திட்டாகவோ வானவில் நிற வளையமாகவோ காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, கண்ணாடியே நிறம் மாறியிருப்பது. இங்கே மஞ்சள் முழுப் பரப்பிலும் சீராக இருக்கும். துடைத்தாலும் போகாது, சாய்த்தாலும் மாறாது.

எங்கள் லென்சில் இழைகள் இல்லை. ஓரத்தில் பிரிவும் இல்லை. ஊடுருவும் ஒளியில்தான் மஞ்சள் தெரிந்தது, அதுவும் சீராக. முதல் மூன்றும் விலகி நான்காவது மட்டும் நின்றது. மாணவியின் கேள்வியே பாதி விடையாக இருந்ததை வகுப்பு புரிந்துகொண்டது.

தோரியம் ஏன் கண்ணாடிக்குள் வந்தது?

ஒளியை அதிகம் வளைக்க ஒளிவிலகல் எண் அதிகமான கண்ணாடி வேண்டும். ஈயம் கலந்த ஃபிளின்ட் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் அதிகம்தான். ஆனால் நிறப்பிரிகையும் அதிகம். சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவியாமல் பிம்பத்தின் விளிம்பில் நிறக்கோடு விழும். ஒளிவிலகல் எண் அதிகமாகவும் நிறப்பிரிகை குறைவாகவும் உள்ள கண்ணாடிதான் லென்சு வடிவமைப்பாளர்களின் கனவு. லாந்தனம், தோரியம் போன்ற தனிமங்களின் ஆக்சைடுகளைச் சேர்த்தபோது அந்தக் கனவு நிறைவேறியது. அமெரிக்க வேதியியலர் ஜார்ஜ் மோரி இவ்வகைக் கண்ணாடிக்கு 1939இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து படமெடுக்கப் பயன்பட்ட கோடாக் நிறுவனத்தின் ஏரோ எக்டார் லென்சில் தோரியக் கண்ணாடி இருந்தது. போருக்குப் பின் ஜப்பானிய நிறுவனங்களின் சில லென்சுகளிலும் அது இடம்பெற்றது. பிற்காலத்தில் கதிரியக்கமற்ற கண்ணாடி வகைகள் அந்த இடத்தைப் பிடித்தன.

தோரியம் என்றதும் மாணவர்கள் அதை ஏதோ அந்நியப் பொருளாக நினைக்கிறார்கள். திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை நினைவூட்டினேன். கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891இல் நிறைவுசெய்த அந்த மேண்டிலில் பெரும்பங்கு தோரியம் ஆக்சைடு. அதோடு ஒரு விழுக்காடு அளவில் சீரியம் ஆக்சைடு. மேண்டில் தொழிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலத்தில்தான், 1909இல், ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் திருவிதாங்கூர் கடற்கரை மணலில் மோனசைட் கனிமத்தைக் கண்டறிந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சி அந்தக் கடற்கரையைச் சேர்ந்தது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. பாடப்புத்தகத்தின் ஒரு தனிமம் நம் கடற்கரையிலும் தாத்தாவின் விளக்கிலும் லென்சிலும் இருந்தது என்று தெரிந்ததும் வகுப்பின் முகமே மாறியது.

மஞ்சள் எப்படி உண்டாகிறது?

தோரியம்-232 ஆல்ஃபா துகளை வெளியிட்டுச் சிதைகிறது. அதன் சேய் அணுக்களும் தொடர்ந்து சிதைந்து, இறுதியில் காரீயம்-208 ஆகின்றன. இங்கே நம் பத்தாம் வகுப்பு அணுக்கரு இயற்பியலுக்கு ஒரு நல்ல கணக்கு கிடைக்கிறது. நிறை எண் 232இலிருந்து 208 ஆகக் குறைகிறது, வேறுபாடு 24. ஓர் ஆல்ஃபா சிதைவில் 4 குறையும். எனவே 6 ஆல்ஃபா சிதைவுகள். ஆறு ஆல்ஃபாவால் அணு எண் 90இலிருந்து 12 குறைந்து 78 ஆக வேண்டும். ஆனால் காரீயத்தின் அணு எண் 82. ஆகவே 4 பீட்டா சிதைவுகள். மாணவர்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கதிர்கள் கண்ணாடிக்குள் செல்லும் வழியில் அணுக்களை அயனியாக்கி எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிடுகின்றன. பிடுங்கப்பட்ட எலக்ட்ரான்களில் சில, கண்ணாடியின் அமைப்பில் உள்ள குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன. அவ்வாறு சிக்கிய இடங்களுக்கு நிற மையங்கள் என்று பெயர். அவை ஊதா, நீல ஒளியை உட்கவர்கின்றன. வெள்ளை ஒளியில் நீலம் குறைந்தால் எஞ்சுவது மஞ்சளாகத் தெரிகிறது. ஆக, கண்ணாடியில் மஞ்சள் எதுவும் சேரவில்லை, நீலம்தான் குறைந்திருக்கிறது. நிறம் பற்றிய பாடத்துக்கு இதைவிட எளிய சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

"தோரியத்தின் அரை ஆயுட்காலம் 1400 கோடி ஆண்டுகள். அவ்வளவு மெதுவாகச் சிதைவது அம்பது வருஷத்துல எப்படி சார் கண்ணாடியை மஞ்சளாக்கும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அருமையான கேள்வி. ஒரு கிராம் தோரியத்தில் ஏறத்தாழ 2.6 × 10²¹ அணுக்கள் உள்ளன. அவற்றில் நொடிக்குச் சுமார் 4000 சிதைகின்றன. 50 ஆண்டுகள் என்பது ஏறத்தாழ 157 கோடி நொடிகள். பெருக்கினால் 6 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சிதைவுகள். இருந்தும் சிதைந்த அணுக்கள் மொத்தத்தில் 40 கோடிக்கு ஒன்று என்ற அளவுதான். சதவீதத்தில் மிகச் சிறியது, எண்ணிக்கையில் மிகப் பெரியது. நொடிக்கு 4000 என்பதைத் தருவிக்கும் கணக்கை மேல்நிலை இயற்பியல் மாணவர்கள் செய்யலாம்; பத்தாம் வகுப்புக்கு விடையைக் கொடுத்துப் பெருக்கலை மட்டும் செய்யச் சொன்னால் போதும்.

ஒரே பெயர், இரண்டு லென்சுகள்

விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. சூப்பர்-டக்குமார் 1:1.4/50 என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு உள்ளமைப்புகள் உள்ளன. 1964இல் அசாஹி நிறுவனம் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவை வெளியிட்ட காலத்தில் வந்த லென்சில் 8 வில்லைகள். சில ஆண்டுகளுக்குள் அதை 7 வில்லைகள் கொண்டதாக மாற்றினார்கள். முன் வளையத்தின் எழுத்துகள் மாறவில்லை. எட்டு வில்லை லென்சு எண்ணிக்கையில் குறைவு என்பதால் சேகரிப்பாளர்கள் அதைத் தேடுகிறார்கள். தோரியக் கண்ணாடி இருப்பது ஏழு வில்லை லென்சில்தான்.

லென்சைப் பிரிக்காமல் எப்படி அடையாளம் காண்பது? இதற்கு நிறப்பிரிகையே துணை. அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் அதிகம் என்பதால் கண்ணாடி அதைக் குறைவாக வளைக்கிறது. அது சற்றுத் தள்ளிக் குவிகிறது. அகச்சிவப்புப் படச்சுருளைப் பயன்படுத்துவோர் குவியத்தைத் திருத்திக்கொள்ள, லென்சின் உடலில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். உள்ளமைப்பு மாறினால் அந்தத் திருத்தத்தின் அளவும் மாறும். கோட்டின் இடமும் மாறும். எட்டு வில்லை லென்சில் அந்தக் கோடு, புல ஆழ அளவுகோலில் உள்ள 4 என்ற எண்ணுக்கு வலப்புறம் இருக்கும். ஏழு வில்லை லென்சில் இடப்புறம் இருக்கும். எட்டு வில்லை லென்சின் பின்புறக் கண்ணாடி சற்று அதிகமாக வெளியே நீண்டும் இருக்கும்.

எங்கள் லென்சில் கோடு 4க்கு இடப்புறம் இருந்தது. ஏழு வில்லை. மஞ்சளும் அதையே சொன்னது. இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஒரே முடிவைத் தந்தன.

பெயரிலும் வரலாறு இருக்கிறது. முன்பு வந்த ஆட்டோ-டக்குமாரில் ஒளித்துளை பாதி தானியங்கி. படமெடுத்தபின் கையால் திறக்க வேண்டும். சூப்பர்-டக்குமாரில் அது தானாகவே மூடித் தானாகவே திறக்கும். 1971இல் பல அடுக்கு மேற்பூச்சு வந்ததும் பெயர் சூப்பர்-மல்டி-கோட்டட் டக்குமார் ஆனது. ஆகவே முன் வளையத்தைப் படித்தாலே லென்சின் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

இங்கே மாணவர்களிடம் ஒரு கேள்வி வைத்தேன். "மஞ்சளாக இருந்தால் அது ஏழு வில்லை என்கிறோம். அப்படியானால் மஞ்சள் இல்லாத லென்சு கையில் கிடைத்தால் அது எட்டு வில்லைதானே?" பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள். சற்று நேரம் கழித்து அந்த மாணவியே, "யாராவது மஞ்சளைப் போக்கியிருந்தா சார்?" என்றாள். உண்மைதான். மஞ்சளைப் போக்க வழி உண்டு. போக்கிவிட்ட ஏழு வில்லை லென்சை எட்டு வில்லை என்று நம்பி ஒருவர் ஏமாறலாம். மஞ்சள் இருப்பது ஒரு சான்று. இல்லாதது சான்று ஆகாது. அப்போது சிவப்புக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

மஞ்சளைப் போக்குவது எப்படி?

சிக்கிய எலக்ட்ரான்களுக்குப் போதிய ஆற்றல் கொடுத்தால் அவை விடுபட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும். நிற மையம் மறையும். அந்த ஆற்றலைப் புற ஊதாக் கதிர் தரும். ஒளித்துகளின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் காண 1240ஐ அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால் போதும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு 1.9, 395 நானோமீட்டர் புற ஊதா விளக்குக்கு 3.1. மஞ்சளைப் போக்கப் புற ஊதாவைத் தேடுவது ஏன் என்பது இந்த இரண்டு எண்களிலிருந்தே விளங்கும்.

கள்ளநோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா டார்ச்சைக் கொண்டு தாத்தாவின் வீட்டிலேயே இதைச் செய்தோம். உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய அட்டைப் பெட்டியில் லென்சின் பின்புறம் மேலே இருக்கும்படி வைத்து, டார்ச்சைப் பொருத்திப் பெட்டியை மூடினோம். நாள்தோறும் சில மணி நேரம். டார்ச் எரியும்போது பெட்டியைத் திறப்பதில்லை. புற ஊதா ஒளி கண்ணுக்குக் கேடு. இரண்டு வாரத்துக்குப் பின் தாள் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரிந்தது.

வெயிலில் வைத்தும் மஞ்சளைப் போக்கலாம். ஆனால் 50 மி.மீ. லென்சு வெயிலைக் குவித்தால் துணியும் தாளும் பற்றிக்கொள்ளும். ஆளில்லாத வீட்டில் சன்னலோரம் லென்சை வைக்கவே கூடாது. மாணவர்கள் தாங்களாக முயலக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இன்னொரு தவறான புரிதலையும் களைய வேண்டியிருந்தது. "மஞ்சள் போயிடுச்சு, இனி கதிரியக்கம் இல்லதானே சார்?" என்றார்கள். நிறம் போனது, தோரியம் போகவில்லை. கதிர்வீச்சு முன்பு போலவே தொடர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளும் மெல்லத் திரும்பும்.

நான் செய்த தவறு

இனி அந்த முதல் நாளுக்கு வருகிறேன். தெரியாமல்தான் செய்தேன் என்றாலும், என்ன பொருள் என்று அறியாமல் மாணவர் கண்ணருகே வைக்கக் கொடுத்தது என் தவறு. மறுநாள் காலை தலைமையாசிரியரிடம் முழுவதையும் சொன்னேன். "வகுப்பிலும் சொல்லிடுங்க சார். வேறு யார் மூலமாவது தெரிஞ்சா பயம்தான் மிஞ்சும்" என்றார். அவருடைய அனுமதியோடு அருகிலுள்ள கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறையை நாடினேன். அங்கிருந்த பேராசிரியர் கெய்கர் எண்ணியால் அளந்து காட்டினார். லென்சின் பின்புறத்தில் வைத்தபோது எண்ணி இடைவிடாமல் ஒலித்தது. முன்புறத்தில் குறைந்தது. ஒரு மீட்டர் தள்ளி வைத்தபோது சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் அளவிலிருந்து பிரித்தறிய முடியவில்லை.

வகுப்பில் சொன்னேன்: "நேற்று நான் உங்களிடம் கொடுத்த லென்சில் கதிரியக்கப் பொருள் இருக்கிறது. எனக்கு அது தெரியாது. சில நொடிகள் பார்த்ததால் உங்களுக்குத் தீங்கு நேரும் அளவு கதிர்வீச்சு அதில் இல்லை. ஆனாலும் தேவையில்லாத கதிர்வீச்சைத் தவிர்க்க வேண்டும் என்பதுதான் விதி. இனி அதை யாரும் கண்ணருகே வைக்க மாட்டோம்." வகுப்பு சில நொடிகள் அமைதியாக இருந்தது. பிறகு கேள்விகள் வந்தன. அந்த ஒரு மணி நேரத்தில் கதிரியக்கம் பற்றி அவர்கள் கேட்ட அளவு கேள்விகளை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை. அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்திலும் இதையே சொன்னேன்.

தோரியக் கண்ணாடியில் ஆல்ஃபா கதிர் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிடும். பீட்டா, காமா கதிர்கள் ஓரளவு வெளிவரும். கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை சில:

பழைய கேமரா லென்சை உருப்பெருக்கியாகவோ தொலைநோக்கியின் கண்ணருகு லென்சாகவோ பயன்படுத்த வேண்டாம்.

உடைந்த லென்சை மாணவர் தொடக் கூடாது. கண்ணாடியைத் தேய்க்கவோ அரைக்கவோ கூடாது. துகள் உடலுக்குள் செல்வதுதான் உண்மையான ஆபத்து.

வீட்டிலிருந்து பொருள்களைக் கொண்டுவரச் சொல்லும்போது, எவற்றைக் கொண்டுவரலாம் என்ற பட்டியலையும் சேர்த்துக் கொடுப்போம். வந்த பொருளை முதலில் ஆசிரியர் பார்த்த பிறகே சுற்றுக்கு விடுவோம்.

லென்சு இல்லாமலே செய்யக்கூடிய செயல்பாடுகள்

இந்தப் பாடத்துக்குப் பழைய லென்சு தேவையில்லை. எந்தப் பள்ளியிலும் செய்யக்கூடிய மூன்று செயல்பாடுகளைத் தருகிறேன்.

தொடக்க வகுப்புகளுக்கு: ஒரே மதிப்புள்ள நாணயங்கள் பத்தைக் கொடுத்து, "எல்லாம் ஒன்றுதானா?" என்று கேளுங்கள். ஆண்டுக்குக் கீழே உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை நாணயச்சாலை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. குறி எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே மதிப்பு, ஒரே தோற்றம், ஆனால் பிறந்த இடம் வேறு. நாணயங்களை நான்கு குவியலாகப் பிரித்து எண்ணி அட்டவணை போடலாம். தேய்ந்துபோன நாணயம் ஒன்றையும் கலந்து வையுங்கள். "குறி இல்லை, அதனால் கொல்கத்தா" என்று குழந்தைகள் சொல்வார்கள். "தேய்ந்து போயிருந்தால்?" என்று கேளுங்கள். மஞ்சள் இல்லாத லென்சின் கதை அங்கே நடக்கும்.

நடுநிலை வகுப்புகளுக்கு: வெள்ளைத் தாளில் நீலம், மஞ்சள், சிவப்பு நிறங்களில் எழுதி, மஞ்சள் செல்லோபேன் தாள் வழியே பார்க்கச் செய்யுங்கள். நீல எழுத்து கருத்துத் தெரியும்; மஞ்சள் எழுத்து ஏறத்தாழ மறைந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று அடுக்காக வைத்து என்ன மாறுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். மஞ்சள் தாள் நீலத்தை நிறுத்திவிடுகிறது என்பதை அவர்களே சொல்வார்கள்.

உயர்நிலை வகுப்புகளுக்கு: ஒரே வெள்ளைத் தாளின் பாதியைச் செல்லோபேனால் மூடி, ஆசிரியரின் கைபேசியில் படமெடுங்கள். முழுவதும் மூடிப் படமெடுத்தால் கைபேசி தானாகவே வெண்மையைச் சரிசெய்து மஞ்சளை மறைக்கப் பார்க்கும். பாதி மூடினால் ஒப்பிட ஒரு வெண்மை அதே படத்தில் கிடைக்கும். ஒப்பீட்டுக்கு ஒரு கட்டுப்பாடு ஏன் தேவை என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது. அதோடு தோரியச் சிதைவுத் தொடர் கணக்கையும் கொடுக்கலாம்.

மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு வினா போதும்: "நீ கண்டது என்ன? அதிலிருந்து நீ முடிவு செய்தது என்ன? வேறு காரணம் இருக்க முடியாது என்று எப்படி உறுதி செய்தாய்?" மூன்றையும் தனித்தனி வரிகளில் எழுதச் சொல்லுங்கள். "அழுக்குப் படிந்திருக்கும்" என்று நான் சொன்னபோது முதல் வரியைக்கூட முழுதாகப் பார்க்காமல் இரண்டாம் வரிக்குத் தாவியிருந்தேன்.

தாத்தா சொன்னது

லென்சைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அதில் என்ன இருக்கிறது, எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தாத்தாவிடம் விளக்கினேன். அவர் நெடுநேரம் லென்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கருப்பு வெள்ளைக் காலத்துல ஒண்ணும் தெரியல சார். கலர் வந்தப்புறம் கல்யாண ஆல்பம் எல்லாம் மஞ்சளா வந்துச்சு. லேப்காரரு கழுவுறது சரியில்லைன்னு சண்டை போட்டு, பத்து வருஷப் பழக்கத்தையே விட்டுட்டேன். அவரு மேல தப்பே இல்ல போலிருக்கே" என்றார்.

"ஐயா, உங்க மேலயும் தப்பு இல்ல. கண்ணாடிக்குள்ள நடந்தது யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"தெரியலைன்னா கேட்டிருக்கணும் சார். இந்தப் பொண்ணு கேட்டுச்சு பாருங்க" என்று பேத்தியைக் காட்டினார்.

லென்சை அவர் விற்கவில்லை. மூடி போட்டு, பெட்டியில் வைத்து, பெட்டியின் மேல் பேத்தியை விட்டே ஒரு சீட்டு எழுதி ஒட்டச் சொன்னார்: ஏழு வில்லை, தோரியக் கண்ணாடி, கண்ணருகே வைக்கக் கூடாது. எங்கள் வகுப்பின் கரும்பலகை மூலையில் இருந்த கேள்வியை மறுநாள் அவளே அழித்தாள். அந்த இடத்தில் இப்போது வேறொரு கேள்வி இருக்கிறது.